கடைசி பெஞ்சுக்கு ஒரு மைக்

அரசுப் பள்ளிகளுக்கு நவீன வகுப்பறைக் கருவிகள் வாங்குவதற்கான டெண்டர் அறிவிப்புகளை நிதானமாகப் படித்துப் பார்ப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு. திரை எத்தனை அங்குலம், படத்தின் துல்லியம் என்ன, ஸ்பீக்கர் எத்தனை வாட், எத்தனை வருஷ வாரண்டி என்று எல்லாம் கறாராக எழுதியிருக்கும். கேமராவுக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பேசுவதற்கு மைக்? பல அறிவிப்புகளில் அது இருக்காது. இருந்தால் ‘கேமராவுடன் இணைந்தது' என்று முடித்திருப்பார்கள். நாற்பது பிள்ளைகள், தலைக்கு மேல் மூன்று மின்விசிறிகள், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். இவ்வளவுக்கும் நடுவே கடைசி பெஞ்சுப் பெண்ணின் குரலை, சுவரில் மாட்டிய கேமராவுக்குள் இருக்கும் பட்டாணி அளவு மைக் பிடித்துக்கொண்டு போய்த் தலைநகரில் இருக்கும் ஆசிரியரிடம் சேர்க்கும் என்பது அதிகாரிகளின் நம்பிக்கை.

தூரத்தில் இருப்பவர் பேசுவதை வகுப்பு கேட்க வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறை, வகுப்பு பேசுவதைத் தூரத்தில் இருப்பவர் கேட்க வேண்டும் என்பதில் இல்லை. இது வீடியோ கான்பரன்சிங் வந்த பிறகு தொற்றிய வியாதியும் அல்ல. அதற்கு ஐம்பது வருஷ சரித்திரம் இருக்கிறது.

1975 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது ‘ஸைட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை. அமெரிக்காவின் நாசா தனது ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்குக் கடன் கொடுத்தது. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். பல ஊர்களில் மின்சாரமே புதுசு. கோழிக்கூட்டுக் கம்பிவலையில் செய்த ஆன்டெனாக்கள் நேராக வானத்திலிருந்து நிகழ்ச்சிகளைப் பிடித்தன. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. உலகமே வியந்த பரிசோதனை, வியந்தது நியாயமும்கூட. 1976 ஜூலை 31-ல் கெடு முடிந்தது. செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஒரு வருஷத்தில் கிராமத்துப் பிள்ளை ஒன்று, திரையில் தெரிந்த மாமாவிடம் ஒரு சந்தேகம் கேட்டிருக்க முடியாது. குறை சொல்வதற்கில்லை; 1975-ல் அது சாத்தியம் இல்லை. ஆனால் சாத்தியமான பிறகும் பழக்கம் மாறவில்லை என்பதுதான் விஷயம். 1984 ஆகஸ்ட் 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் தொடங்கிய ‘நாடு தழுவிய வகுப்பறை'யும் ஒரு வழிப் பாதைதான். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சிறு நகரக் கல்லூரி மாணவர்களுக்காக என்று சொல்லி ஆரம்பித்து, பெருநகர மாணவர்களுக்கு வசதியான மொழியில் நடத்தினார்கள்.

தொண்ணூறுகளில் முதல்முறையாகத் திரும்பிப் பேசும் வழி பிறந்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் டெல்லி ஸ்டூடியோவிலிருந்து நடத்திய டெலிகான்பரன்ஸிங்கில் படம் ஒரு பக்கம்தான் போகும். கேள்விகள் டெலிபோனில் வரும். 1996-ல் கர்நாடகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதே முறையில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மாவட்ட மையங்களில் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். சந்தேகங்களைப் போனில் கேட்டார்கள். லைன் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

அப்புறம் 2004 செப்டம்பர் 20. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் எடுத்துச் சென்ற எஜுசாட், கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். எடை 1,950 கிலோ. இதற்குத் தரையில் இரண்டு வகை நிலையங்கள் இருந்தன. ஒன்று, பார்க்கவும் பேசவும் முடிகிற இருவழி நிலையம். மற்றது, பார்க்க மட்டும் முடிகிற ஒருவழி நிலையம். எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. கல்லூரிகளுக்கும் ஆசிரியர் பயிற்சி நிலையங்களுக்கும் இருவழி போயிற்று. ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒருவழி. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் 800-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளுக்கு டிஷ் ஆன்டெனா வந்து சேர்ந்தது. எல்லாமே கேட்டுக்கொண்டிருக்கும் பள்ளிகள். வயது குறையக் குறையக் கேள்விகள் கூடும் என்பது வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கும் யாருக்கும் தெரியும். கருவிகள் பங்கிடப்பட்டது நேர் எதிர்க் கணக்கில்.

எஜுசாட் 2010-ல் ஓய்வு பெற்றது. செயற்கைக்கோள் வானத்தில் தயாராக இருக்க, தரையில் ஆக வேண்டிய வேலைகள் பின்தங்கிவிட்டன என்று 2013-ல் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை குறை கூறியது. ராக்கெட் விடுவதைவிட, அதன் பலனைப் பள்ளிக்கூட ஓட்டுக் கூரைக்குக் கீழே கொண்டுவருவது நமக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

இன்று செயற்கைக்கோளை நம்பி இருக்க வேண்டியதில்லை. கண்ணாடி இழை கேபிள் வந்துவிட்டது, கையகல போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி நாட்டின் பள்ளிகளில் சுமார் 63 சதவீதத்தில் இன்டர்நெட் இருக்கிறது. இருந்தும் பழைய கோணல் புது வடிவத்தில் தொடர்கிறது. செல்போன் இணைப்பில் வந்து இறங்கும் வேகம், இங்கிருந்து அனுப்பும் வேகத்தைப் போலப் பல மடங்கு. சினிமா பார்ப்பவர்களுக்காக அமைத்த ஏற்பாடு அது. அதன் விளைவு: தூரத்து ஆசிரியரின் முகம் வகுப்பில் பளிச்சென்று தெரியும், வகுப்பு அவருக்குக் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அவர் பார்ப்பது நாற்பது கறுப்புப் புள்ளிகளை. யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும் ஒரு நொடியில் சாதாரண வாத்தியார் படித்துவிடும் சங்கதி இது.

குரலின் தாமதம் இன்னொரு தொல்லை. செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது ஒரு வார்த்தை மேலே போய்க் கீழே வரக் கால் நொடி ஆயிற்று. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. கேபிளில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இணைப்பு திணறும் நாட்களில் இன்றும் தலைகாட்டுகிறது. அரை நொடிதானே என்று தோன்றும். வகுப்பில் கேள்வி என்பது துணிச்சல் வந்த அந்தக் கணத்தில் வெளியே வர வேண்டிய வஸ்து. பிள்ளை வாய் திறக்கிறது, அதே நேரத்தில் ஆசிரியர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறார், இரண்டு குரலும் மோதுகின்றன, இருவரும் நிறுத்துகிறார்கள். ‘சொல்லும்மா' என்கிறார் அவர். ‘ஒண்ணும் இல்ல சார்' என்கிறது பிள்ளை. போயிற்று.

இதையெல்லாம் சமாளித்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தீபக் பாடக் தலைமையில் 2009-க்குப் பிறகு நடந்த ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைச் சொல்ல வேண்டும். ஆயிரம் ஆசிரியர் என்று ஆரம்பித்து, பத்தாயிரம் ஆசிரியர் என்று விரிந்தது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் அவரவர் ஊருக்குப் பக்கத்து மையத்தில் கூடுவார்கள். பாடம் மும்பையிலிருந்து நேரடியாக வரும். இணைத்த மென்பொருள் கேரளத்தின் அமிர்தா பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஏ-வியூ'. கை உயர்த்துவதற்கு அதில் பொத்தான் இருந்தது. ஆனால் விசேஷம் பொத்தானில் இல்லை. பயிற்சி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே, ஒவ்வொரு மையத்திலிருந்தும் ஒரு ஒருங்கிணைப்பாளரை மும்பைக்கு வரவழைத்து, முழுப் பாடத்தையும் நேரில் நடத்தி அனுப்பினார்கள். திரையில் பாடம் முடிந்ததும் செய்முறையும் பயிற்சிக் கணக்கும் அந்த உள்ளூர்க்காரர் பொறுப்பு. மையத்திலேயே தீர்ந்த சந்தேகங்கள் மும்பைக்குப் போகத் தேவையில்லை. தீராதது மட்டும் போகும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் படித்தும் கூச்சல் குழப்பம் ஆகாத ரகசியம் அதுதான்.

கல்கத்தாவில் பிறந்த சுகதா மித்ராவின் கதை இதற்கு மறுகோடி. 1999-ல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி கம்ப்யூட்டரைப் பதித்தவர். ஆசிரியர் இல்லாமலே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று உலக மேடைகளில் பேசினார். சில வருஷங்கள் கழித்து, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் செய்தது சுவாரசியம்: ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் ஆசிரியைகளை ஸ்கைப் மூலம் ஹைதராபாத் பிள்ளைகளோடு பேச வைத்தார். 2009-ல் தொடங்கிய இதற்குப் ‘பாட்டிகள் மேகம்' என்று செல்லப் பெயர். பாட்டிமார்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. கதை படிக்க வேண்டும், பிள்ளைகள் செய்து காட்டுவதைப் பார்த்து ‘அடடே, இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று வாயைப் பிளக்க வேண்டும். ஆசிரியர் தேவையில்லை என்று தொடங்கியவர், தூரத்திலிருந்தாவது ஒரு பெரிய மனுஷி காது கொடுக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்ததை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. 2013-ல் டெட் அமைப்பின் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. சுந்தரவனத்தின் கொரகாட்டி கிராமம் உள்படச் சில இடங்களில் இதற்கென்றே கூடங்கள் அமைத்தார்கள். கொரகாட்டியில் சூரிய மின்சாரம் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. இன்டர்நெட்தான் அடிக்கடி மக்கர் செய்தது. அந்த நாட்களில் கூடம் உயிரோடு இருந்ததா என்பது பாட்டிகள் கையில் இல்லை, சாவி வைத்திருந்த உள்ளூர்க்காரர் கையில் இருந்தது. பாட்டிகள் பேசிய அந்த ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. மென்பொருள்களின் ஆயுள் அவ்வளவுதான்.

இந்த இரண்டு அனுபவங்களும் சொல்லும் சங்கதியை ஒரு தேசமே கொள்கையாக எடுத்துக்கொண்டது தென் அமெரிக்காவில். உருகுவே சின்ன நாடு. மக்கள்தொகை சுமார் 35 லட்சம், நம் கணக்கில் ஒரு பெரிய மாவட்டம். ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போதிய ஆசிரியர்கள் அங்கே இல்லை. 2012-ல் வீடியோ கான்பரன்ஸிங் மூலம் பரிசோதனை தொடங்கினார்கள். வாரத்தில் மூன்று வகுப்புகள். ஒன்றை மட்டும் ஆங்கில ஆசிரியர் திரையில் நடத்துவார். அவர் அர்ஜென்டினாவில் இருக்கலாம், பிலிப்பைன்ஸில்கூட இருக்கலாம். மீதி இரண்டையும் நடத்துவது அந்தப் பள்ளியின் வழக்கமான வகுப்பு ஆசிரியை. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை அல்லது சுத்தமாகத் தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொள்கிறார். ஒவ்வொரு வாரமும் இரண்டு ஆசிரியர்களும் தனியாகப் பேசி, எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று கலந்துகொள்வார்கள். அந்தப் பேச்சு திட்டத்திலேயே எழுதப்பட்ட வேலை. அதற்கான நேரம் சம்பள நேரம்.

நம் ஊர் வகுப்பாசிரியை இதற்கு ஒப்புக்கொள்வாரா என்ற சந்தேகம் வரலாம். தனக்குத் தெரியாததைப் பிள்ளைகள் முன்னால் கற்றுக்கொள்வது கௌரவப் பிரச்னை. ஆனால் ‘எனக்கும் இது தெரியாது, கேட்போம்' என்று ஒரு ஆசிரியை எழுந்து திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேட்பதற்கு யாருக்கு வெட்கம் இருக்கும்?

2020-ஐப் பேசாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. அந்த மார்ச்சில் பள்ளிகள் மூடியதும், அதுவரை மாநாட்டு அறைகளில் இருந்த வீடியோ கான்பரன்ஸிங் சமையலறை மேடைக்கு வந்தது. ‘மிஸ், கேக்குதா?' என்பது அந்த வருஷத்தின் தேசிய வாசகம். நகரத்துக் குடியிருப்புகளில் அப்படி. கிராமங்களில் நிலைமை வேறு. 2020 செப்டம்பரில் ‘அசர்' அமைப்பு போன் மூலம் நடத்திய ஆய்வில், பள்ளியில் சேர்ந்த கிராமப் பிள்ளைகளில் சுமார் 62 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது, 2018-ல் 36 சதவீதமாக இருந்தது இவ்வளவு உயர்ந்திருந்தது. ஆனால் நேரடி ஆன்லைன் வகுப்பு எட்டியது சுமார் 11 சதவீதத்தினரைத்தான். போன் அப்பாவோடு வேலைக்குப் போனது என்பது ஒரு காரணம். ஒரு போன், மூன்று பிள்ளைகள் என்றால் யாருக்கு முதல் உரிமை என்பது இன்னொன்று. அந்தப் பஞ்சாயத்தில் பல வீடுகளில் அக்காக்கள் தோற்றார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து ஆட்சியாளர்கள் கற்ற பாடம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஒரே ஆசிரியர் ஆயிரம் பள்ளிகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று தெரிந்துவிட்டதே! நாட்டில் ஒரே ஒரு ஆசிரியரை வைத்து ஓடும் பள்ளிகள் 2024-25 கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிப்பவர்கள் 33 லட்சத்துக்கும் அதிகம். இவர்களுக்கு இரண்டாவது ஆசிரியர் தேவை என்று கோப்பு நகரும்போது, ‘திரை கொடுத்துவிட்டோமே' என்று யாராவது ஓரக்குறிப்பு எழுதினால் கதை முடிந்தது. திரை ஒரு தடவைச் செலவு. ஆசிரியர் மாதச் சம்பளம், பென்ஷன், இடமாற்ற சிபாரிசு, சங்கம். நிதித்துறைக்கு எது பிடிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்திருக்கும் ஒற்றை ஆசிரியரால் திரைக்குப் பக்கத்தில் நின்று மைக்கை நகர்த்த முடியுமா? திரை பயன்பட வேண்டும் என்றால்தான் அங்கே இரண்டாவது ஆள் அவசரமாக வேண்டும்.

அந்த ஆளின் வேலை சாமான்யமானது. மைக்கைக் கடைசி பெஞ்சுக்கு எடுத்துப் போவது. பிள்ளை முணுமுணுத்ததை உரக்கச் சொல்வது. ஸ்டூடியோ ஆசிரியர் பேசும் புத்தகத் தமிழையோ சுத்த ஹிந்தியையோ அந்த ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்வது. கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்வது. பெங்களூரிலிருந்து இயங்கும் இ-வித்யாலோகா என்ற தன்னார்வ அமைப்பு 2011 முதல் இன்டர்நெட் வழியாகக் கிராமப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆர்வலர்களைச் சேர்த்து வருகிறது. அவர்களும் வகுப்பில் ஒரு உள்ளூர் உதவியாளரை வைத்துத்தான் நடத்துகிறார்கள். அரசு டெண்டர்களில் அந்த உதவியாளரின் சம்பளத்துக்கு இன்னும் வரி எண் பிறக்கவில்லை.

தூரத்து ஆசிரியரைப் பற்றியே பேசிவிட்டேன். தூரத்து மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பள்ளிகளை இணைத்து ‘கூட்டுக் கல்வி' என்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், இந்தப் பள்ளி ஒரு நடனம் ஆடிக் காட்டும், அந்தப் பள்ளி ஒரு பாட்டுப் பாடும், இரண்டு தலைமை ஆசிரியர்களும் நன்றி சொல்வார்கள். இதற்குத் தூர்தர்ஷன் போதும். ஒரு பள்ளியிடம் இருப்பது மற்றப் பள்ளிக்குத் தேவையாக இருந்தால்தான் அது கூட்டு வேலை.

உதாரணத்துக்கு ஒன்று. டெல்லி, போபால், பெங்களூர், கன்னியாகுமரி நான்கும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரிக்கும் 78 டிகிரிக்கும் நடுவே இருக்கின்றன. செப்டம்பர் 23 வாக்கில் இங்கெல்லாம் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 12.10-க்கும் 12.15-க்கும் இடையில். அந்த நேரத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டால் டெல்லியில் நிழல் சுமார் 54 சென்டிமீட்டர் விழும், பெங்களூரில் 23. பிள்ளைகள் நிழலிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரி சொச்சம் வரும். இரு நகரங்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 1,740 கிலோமீட்டர். 15 டிகிரி சொச்சத்துக்கு இவ்வளவு என்றால் 360 டிகிரிக்கு? சுமார் 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு. இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் போட்ட அதே கணக்கு. டெல்லிப் பிள்ளையிடம் இருக்கும் 54 என்ற எண், பெங்களூர்ப் பிள்ளையின் 23 இல்லாமல் எதற்கும் உதவாது.

இதற்கு 86 அங்குலத் திரை வேண்டாம். இரண்டு குச்சி, இரண்டு டேப், ஒரு சாதாரண போன். அளந்த எண்ணில் தப்பு வந்தால் யார் குச்சி சாய்ந்திருந்தது என்று இரண்டு வகுப்புகளும் சண்டை போட்டுக்கொள்ளும். அந்தச் சண்டையில் கடைசி பெஞ்சும் கலந்துகொள்ளும், மைக் கேட்டு வாங்கி. செப்டம்பரில் பெங்களூரில் மேகம் மூடியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் மறுநாள் அளக்கலாம், இரண்டு ஊரும் ஒரே நாளில் அளக்க வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள் மாலை போனில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும்.